கடிகாரத்தில் மிச்சம் 70 நிமிடம்

கேள்வி: எனக்கு 17 வயது. செஸ்ஸில் ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, மனப்பாடம் செய்வது எனக்குப் பிடிக்காது. பலகையைப் பார்த்ததும் தோன்றுவதை ஆடுவேன். அதுதான் என் பாணி. கோச் சிசிலியன் என்ற ஓப்பனிங்கின் வரிசைகளை நெட்டுரு போடச் சொல்கிறார். ஒரு வருடமாக ரேட்டிங் ஏறவில்லை. கடைசியாகத் தோற்ற, ஆளுக்கு 90 நிமிட ஆட்டத்தில் என் கடிகாரத்தில் இன்னும் 70 நிமிடம் இருந்தது. சீக்கிரம் முடிந்தால், சம்பளம் பிடிக்கிற லீவில் வந்து ஹாலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் நிம்மதிதான். என் பாணியை மாற்ற வேண்டுமா?

பதில்: பாணியை அப்புறம் பார்ப்போம், தம்பி. 70 நிமிடத்தை மிச்சம் வைத்துத் தோற்றதை ஏதோ வானிலை செய்தி போல எழுதியிருக்கிறாய்.

கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடத்தை நம்பினால் ஆபத்து என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. 1988-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரப் போட்டியில், 18 வயது ஆனந்த், முந்தைய வருடம் இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடி டிரா செய்திருந்த நகர்த்தலை அப்படியே ஆடினார். எதிராளி சபாட்டாவின் ராணி ஒரு கட்டம் நகர்ந்ததும் ஆனந்தின் குதிரை மாட்டிக்கொண்டது. ஆறே நகர்த்தலில் தோல்வி.

அதனால் உன் கட்சி ஜெயித்துவிடாது. 1973-இல் சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் நிஜ ஆட்டத்தின் நிலையைச் சில வினாடி காட்டி மறைத்தபோது, மாஸ்டர் புதியவரைவிட மிக அதிகக் காய்களைச் சரியாகத் திருப்பி அடுக்கினார். காய்களைக் கன்னாபின்னாவென்று இறைத்துக் காட்டியபோது அவரும் புதியவரைப் போலவே திணறினார். ஆக, ஒருவருக்குச் சட்டென்று தோன்றுவதெல்லாம் முன்பு உட்கார்ந்து அலசிய ஆட்டங்களிலிருந்து வருவது. நீ உட்காருவதே இல்லையே! உன்னுடையது உள்ளுணர்வு இல்லை, அவசரம்.

அம்மாவுக்கு நிம்மதி என்று நீயாக முடிவு கட்டாதே. அவரைக் கேட்டாயா? அந்த 70 நிமிடம் அவர் சம்பளத்தை விட்டுக்கொடுத்து உனக்கு வாங்கியது. பெற்றவர் வாங்கிக் கொடுத்ததைப் பிரிக்காமலே திருப்பித் தருகிற உரிமை பிள்ளைக்குக் கிடையாது. பழைய பேச்சு என்று சிரித்தால் சிரித்துக்கொள்.

அடுத்த போட்டியில் ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பக்கத்திலும் கடிகார நேரத்தை ஸ்கோர்ஷீட்டில் குறி. விதி அதை அனுமதிக்கிறது. கம்ப்யூட்டரைத் திறக்காமல் நீயே அந்த ஆட்டத்தை அலசு. ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஆடிய தவறுகளை எண்ணி, அந்தத் தாளோடு கோச்சிடம் போ. சிசிலியன் சண்டையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், காலையில் கிளம்பும்போது அம்மாவிடம் சொல்லிவிடு: "ஆட்டம் முடிய நேரமாகும், படிக்க ஏதாவது எடுத்துக்கோம்மா."