வயதானவர்களுக்கு மறதியும் கிறுகிறுப்பும் சேர்ந்து வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஏற்காட்டில் தனியாக வசிக்கும் உங்கள் 76 வயதுத் தந்தைக்குச் சில மாதங்களாக எழுந்து நின்றால் தலை கிறுகிறுக்கிறது என்றும், கேட்டதையே திரும்பக் கேட்கிறார், அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறார் என்றும் எழுதி, இது வயதின் தளர்ச்சியா, மறதி நோயின் தொடக்கமா, எந்த மருத்துவரிடம் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. சேலம் அம்மாப்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர். இன்ன நோய் என்று சொல்வது என் வேலை அல்ல என்றாலும், இந்த இரண்டு தொல்லைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தலைகாட்டியிருந்தால், மறதி நோய் என்று மனத்தைத் தளரவிடுவதற்கு முன்பாக அவர் சாப்பிடும் மாத்திரைகளையும், அவர் நிற்கும்போது இருக்கும் இரத்த அழுத்தத்தையும், இரத்தத்தில் உள்ள சோடியத்தின் அளவையும் பாருங்கள் என்பதுதான் என் பதில்.

இரத்த அழுத்தத்தை நாம் பெரும்பாலும் உட்காரவைத்தே பார்க்கிறோம். எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் இறங்கித் தேங்குகிறது. உடனே இரத்தக் குழாய்கள் சுருங்கியும் இதயம் சற்று விரைந்தும் அதை ஈடுசெய்ய வேண்டும். முதுமையில் இந்த ஈடுசெய்தல் மந்தமாகிறது, சில மாத்திரைகள் அதை மேலும் மந்தமாக்குகின்றன. ஆகவே அவரை 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு முறையும், எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். பின்னால் ஒரு நாற்காலியும் பக்கத்தில் ஓர் ஆளும் இருக்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அந்த மூன்று அளவுகளையும் தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். காலையில் எழுந்தவுடனும், வயிறு நிறையச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளும் இந்தச் சரிவு கூடுதலாகத் தெரியும். படுக்கையில் புரளும்போது மட்டும் அறையே சுழல்வதாகச் சொன்னால் அது பெரும்பாலும் உட்செவியின் கோளாறு. அதற்கு மருத்துவர் தலையைச் சாய்த்துத் திருப்பிச் செய்யும் பயிற்சியே போதுமானதாக இருக்கும்.

மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் அன்றாடம் பார்ப்பது அதுதான். சென்ற கோடையில் ஏற்காட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்த என் பெரியப்பா, காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேத்தியிடம் பள்ளி எப்போது திறக்கும் என்று ஒரே பொழுதில் பலமுறை கேட்டார். அவருடைய மஞ்சள் பையை மேசையில் கொட்டிப் பார்த்தபோது, இரத்த அழுத்தத்துக்கான ஒரே டெல்மிசார்ட்டான் இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருந்தது. அவற்றில் ஒன்றின் பெயருக்குப் பின்னால் எச் என்ற எழுத்தும் இருந்தது. அந்த எழுத்து ஹைட்ரோகுளோரோதயசைடு என்னும், சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மருந்து கலந்திருப்பதைக் குறிக்கும். அதனுடன் புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், தலைச்சுற்றலுக்கென்று யாரோ எப்போதோ கொடுத்த புரோகுளோர்பெரசின், சளிக்கு அவராகவே வாங்கி வைத்திருந்த குளோர்பெனிரமின். படுத்திருக்கையில் 142 இருந்த மேல் அளவு, நின்றவுடன் 112 ஆனது. 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய சோடியம் 124 என்று பரிசோதனைக்கூடத்தின் தாளில் வந்தது. சோடியம் இவ்வளவு இறங்கினால் நடை தள்ளாடும், புத்தி மந்தமாகும், பேச்சுத் தடம் மாறும்; வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது முதுமை மறதியைப் போலவே தோன்றும்.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தின் குளிர்ச்சிக்குப் பழகிய உடம்பு சித்திரை வெயிலில் சேலத்துக்கு வந்து வியர்க்கும்போது, அங்கே ஒத்துக்கொண்ட அதே அளவு மாத்திரை இங்கே மிகையாகிவிடலாம். உடனே உப்புக் கரைத்த நீரைக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் அது ஆபத்து. வெறும் தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்கவைப்பதும் சோடியத்தை இன்னும் நீர்க்கச் செய்யும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பையை அப்படியே எடுத்துச் சென்று மருத்துவர் முன் வையுங்கள். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருவது பெரிய உதவி. ஆனால் அதைத் தனியாரிடம் போகும்போது நம் ஆட்கள் சொல்வதில்லை, இரண்டு வழியாகவும் ஒரே மருந்து வந்து சேர்ந்துவிடுகிறது.

தலைச்சுற்றல் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். புரோகுளோர்பெரசினும் சின்னரிசினும் முதியவர்களிடம் கை நடுக்கத்தையும் உடல் இறுக்கத்தையும் வரவழைக்கக் கூடியவை. குளோர்பெனிரமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் எழுதப்படும் அமிட்ரிப்டிலின் போன்றவை நினைவாற்றலையே மங்கச் செய்யும். சர்க்கரைக்குப் பல ஆண்டுகள் மெட்பார்மின் எடுத்திருந்தால் வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம்; கிளிமெபிரைடு எடுத்துக்கொண்டு உணவைத் தவறவிட்டால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, கிறுகிறுப்பும் குழப்பமும் சேர்ந்தே வரும்.

பெரியப்பாவுக்கு மருத்துவர் மாத்திரைகளைக் குறைத்து மாற்றியபின் கிறுகிறுப்பு நின்றது, பேச்சும் தெளிந்தது. ஆயினும் பெயர்கள் இன்றும் சரியாக நினைவுக்கு வருவதில்லை. இரண்டும் முழுதாக நீங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. மறதி சில நாட்களுக்குள் திடீரென வந்து, ஒரே நாளில் தெளிவும் குழப்பமும் மாறி மாறி இருந்தால் சிறுநீர்த் தொற்று, சோடியம், சர்க்கரை, மருந்து இவற்றைச் சந்தேகிக்கலாம். ஓராண்டு ஈராண்டாக மெல்ல வளர்ந்து, பழகிய வழி தவறுவதும் பணக்கணக்கு குழம்புவதும் சேர்ந்தால் மறதி நோய்க்கான ஆய்வு அவசியம். இவ்விரண்டுக்கும் நடுவே லூயி பாடி என்னும் ஒரு வகை மறதி நோய் உண்டு. அதில் எழுந்தால் அழுத்தம் சரிவதும், இல்லாத குழந்தைகளோ பூனைகளோ கண்ணுக்குத் தெரிவதும், உறக்கத்தில் கத்திக் கை கால் வீசுவதும் சேர்ந்து வரும். இவற்றில் ஏதேனும் இருந்தால் மறவாமல் சொல்லுங்கள். இல்லாதவை தெரிவதை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் அத்தகையவர்களுக்குப் பெருங்கேடு செய்யும்.

முதலில் ஒரு பொது மருத்துவரிடம் காட்டி இரத்த அணுக்கள், சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், தைராய்டு, பி12, இசிஜி ஆகியவற்றைப் பாருங்கள். அவற்றுக்குப் பிறகும் மறதி தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவர். எடுத்த எடுப்பில் மூளை ஸ்கேனுக்கு ஓடுவது எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சில வாரங்களுக்குள் எங்கேனும் வழுக்கித் தலை அடிபட்டிருந்தால், அதுவும் ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமலிருக்கும் வேறு மருந்தோ எடுப்பவராக இருந்தால், ஸ்கேன்தான் முதல் வேலை, ஏனெனில் மண்டையோட்டுக்கு அடியில் இரத்தம் மெதுவாகக் கசிந்து தேங்கியிருக்கலாம். வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், நெஞ்சுவலி, மயங்கி விழுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கும் நேரமும் அதில் அடங்கும் என்பதால் விடியட்டும் என்று காத்திருக்க இயலாது.

அவர் இன்னும் மொபெட் ஓட்டுகிறார் என்று கேள்வியின் கடைசியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நிற்கும்போது எடுக்கும் அளவு சீராகி, மருத்துவரும் சம்மதிக்கும் வரை அந்தச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்வார், இருக்கட்டும்.