மூடியில் கை வைக்கும் முன்: வண்டிக் கேள்வி - பதில்

ஏப்ரல் பிறந்துவிட்டால் மேட்டுப்பாளையத்தில் எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை மலைப்பாதையில் சூடாகி நின்ற வண்டிகள்தான். வாசகர் கடிதங்களும் அதைப் பற்றியே வந்திருக்கின்றன. அதனால் பிரேக், கிளட்ச் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை ரேடியேட்டர் பக்கமே நிற்கிறேன்.

குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனோம். பர்லியாறு தாண்டியதும் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி. என் கணவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றப் போனார். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஓடி வந்து தடுத்துவிட்டார். திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? (வாசகி, திருப்பூர்)

அந்த ஓட்டுநர் உங்கள் கணவரின் முகத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

ரேடியேட்டர் மூடியைப் புரட்டிப் பார்த்தால் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். உள்ளே அவ்வளவு அழுத்தம் சேரும்வரை மூடி தானாக எதையும் வெளியே விடாது என்று அர்த்தம். அதாவது, வெளியே நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு மடங்கு. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் ஒரு நொடியில் போய்விடும். 110 டிகிரியில் அடங்கிக் கிடந்த தண்ணீர் அப்படியே பொங்கும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும்; அது வெளியேற இருப்பது நீங்கள் திறந்த அந்த ஒரே வாய்தான். மலை மேல் இது இன்னும் மோசம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

எங்களிடம் வாடிக்கையாக வரும் வேன் ஓட்டுநர் ஒருவருக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலின் நிறமே வேறு. துணி சுற்றித்தான் திறந்தாராம். மூடியின் சூட்டைத் துணி தாங்கும். பீறிட்டு வரும் கொதிநீரைத் தாங்காது. ஊறிப்போய்க் கையோடு ஒட்டிக்கொள்ளும்.

சரி, அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல ஏறுகிறது, ஆவி இல்லை என்றால் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். ஹீட்டரும் டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். இன்ஜினின் சூட்டில் கொஞ்சத்தை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். கால் மணி நேரம் வேர்த்தாலும் பரவாயில்லை. அப்படியே அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டாலோ ஆவி வந்துவிட்டாலோ பேச்சே இல்லை, ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஆவி அடங்கும்வரை பானெட்டைக்கூடத் தூக்க வேண்டாம்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். ரேடியேட்டரின் மேல் பக்க ரப்பர் குழாய், அதாவது ஹோஸ்தான் உங்களுக்குச் சாட்சி. புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். தொடும்படி ஆறியிருந்தால் விரலால் அமுக்குங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கிறது. தளர்ந்து கொடுத்தால், தடித்த துணியை மடித்து மூடி மேல் போட்டு, முகத்தை விலக்கி, முதல் நிறுத்தம் வரை மட்டும் திருப்புங்கள். 'உஸ்' என்று வந்தால் கையை எடுத்துவிட்டுச் சத்தம் நிற்கும்வரை பொறுங்கள். பிறகு அமுக்கித் திருகி எடுங்கள். பல புதுக் கார்களில் ரேடியேட்டரில் மூடியே கிடையாது, பிளாஸ்டிக் டப்பாவில் திருகு மூடி இருக்கும். அந்த டப்பாவிலும் இதே அழுத்தம்தான், பிளாஸ்டிக்தானே என்று நினைக்க வேண்டாம்.

சூடான இன்ஜின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதைக் கல்லாறு பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். ஊற்றவே கூடாது. இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய சிலிண்டர் ஹெட் சட்டென்று குளிர்ந்தால் வளையும், விரிசல் விடும். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பும் செலவை அந்த ஒரு குடம் தண்ணீர் இழுத்துவிடும்.

ஒருவேளை யார் மேலாவது பட்டுவிட்டால், மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு, 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். முகம், கண் என்றால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இன்னொன்று. சூடேறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் 'ஆறிவிட்டது' என்று ஓட்டிப் போய்விடாதீர்கள். சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். தண்ணீர் முழுவதும் போய்விட்டால் முள் இறங்கும், இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு சுமார் 35 கிலோமீட்டருக்குள் 1,500 மீட்டர் ஏறுகிறோம். 14 கொண்டை ஊசி வளைவுகள், இரண்டாம் கியர், சீசன் நெரிசல், ஏ.சி. வேறு. ஆனாலும் ஒழுங்காக இருக்கும் வண்டி இதில் சூடாகக் கூடாது. சூடானது என்றால் மலை மேல் பழி போடாமல் காரணத்தைத் தேடுங்கள்.

எங்கள் ஊர் போர் தண்ணீர் கடும் உப்பு. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? கடையில் பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று கூலன்ட் வைத்திருக்கிறார்கள். எது நல்லது? (வாசகர், பல்லடம்)

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அப்படி ஓடிய ரேடியேட்டர் ஒன்றைப் பிரித்தபோது, குழாய்களின் வாயில் நகத்தால் சுரண்டினாலும் வராத வெள்ளைக் காரை. பல குழாய்களில் ஊசிகூட நுழையவில்லை. வெளியே ரேடியேட்டர் பளபளவென்றுதான் இருந்தது. வண்டிக்காரர் அதற்கு முன் ஃபேன், சென்சார் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

கூலன்ட் என்பது இன்ஜின் சூட்டை ஆற்ற ரேடியேட்டரில் ஊற்றும் திரவம். அது பனி பெய்யும் ஊருக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கொதிநிலையை உயர்த்துவதும், துருப் பிடிக்காமல் காப்பதும், வாட்டர் பம்பின் சீலைக் காப்பதும் அதன் வேலைதான். நம் ஊருக்கு அவைதான் முக்கியம். கெட்டியான கூலன்ட் வாங்கினால் பாதிக்குப் பாதி டிமினரலைஸ்டு வாட்டர் சேர்க்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் சுத்த நீர் அதுதான், ஆசிட் கலந்ததை வாங்கிவிடாதீர்கள். தண்ணீர் சேர்க்காமல் கெட்டியாகவே ஊற்றினால் இன்னும் நல்லது என்பது தப்பு. சூட்டை ஏந்திக்கொண்டு போவதில் தண்ணீருக்கு ஈடு இல்லை. 'ரெடி டு யூஸ்' என்று போட்டிருந்தால் அப்படியே ஊற்றுங்கள், அதில் மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது.

நிறம் வெறும் சாயம். ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொன்றின் பச்சையும் வேறு வேறு சரக்காக இருக்கலாம். ஐ.எஸ். 5759 என்ற நம் நாட்டுத் தர எண்ணையும், வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும் வகையையும் பாருங்கள். உள்ளே இருப்பது என்ன என்று தெரியாவிட்டால் கலக்காமல், முழுவதும் வடித்து, சுத்த நீர் விட்டு அலசிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். சில வகைகள் கலந்தால் கூழாகப் படியும். பழைய வகை என்றால் இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். நீண்டகால வகைகள் 5 வருடம்கூடத் தாங்கும்.

ஆர்.ஓ. தண்ணீர், பாட்டில் தண்ணீர் எல்லாம் வழியில் மாட்டிக்கொண்டால் ஊற்றி வீடு வந்து சேரலாம். அதோடு சரி.

வண்டி சூடாகிறது என்று போனேன். மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்துவிட்டார். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை' என்கிறார். சரியா? (வாசகர், சத்தியமங்கலம்)

தமிழ்நாடு முழுக்க நடக்கும் வைத்தியம் இது. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

தெர்மோஸ்டாட் சூட்டைத் தடுக்கும் சாமான் இல்லை. இன்ஜின் சுமார் 82 - 88 டிகிரிக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் உள்ளேயே சுற்றவிட்டு, பிறகு வழி திறக்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரமாகும். கம்ப்யூட்டர் 'இன்னும் குளிராக இருக்கிறது' என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக விடும். மைலேஜ் இறங்கும், ஆயிலில் ஈரம் தங்கிச் சேறாகும், சிலிண்டர் தேயும். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேலே ரேடியேட்டர் வழி திறக்கும்போது கீழே குறுக்கு வழியை அது அடைக்கும். மொத்தமாகக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப இன்ஜினுக்கே வரும். மலை ஏறும்போது வண்டி முன்பைவிட அதிகமாகச் சூடாகும்.

கெட்டிருக்கிறதா என்று பார்க்கப் பட்டறையில் சுலபமான வழி உண்டு. சமையலுக்குப் பயன்படாத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியில் படாமல் கம்பியில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குவோம். அதன் மேலேயே 82 என்றோ 88 என்றோ அடித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, இன்னும் 10, 15 டிகிரிக்குள் நன்றாக வாயைத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் புதிது வாங்கிப் போடுங்கள். ஹெட் வேலையின் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

வாரம் ஒருமுறை ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் ஊற்றுகிறேன். தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. எங்கே போகிறது? (வாசகி, கோவை)

கூலன்ட் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் இல்லை. மூடிய சுற்றில் ஓடுவது குறைந்தால் எங்கோ வெளியேறுகிறது. ஊற்றுவதை நிறுத்திவிட்டுத் தேட வேண்டிய நேரம் இது.

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த தடம் இருந்தால் பம்ப் சீல் போய்விட்டது. சூடான இன்ஜின் மேல் சொட்டி அங்கேயே காய்வதால் தரைக்கு வராது. முன் சீட்டின் கால் விரிப்பு ஈரமாகி, வண்டிக்குள் இனிப்பான வாசனை அடித்தால் ஹீட்டர் ஒழுகுகிறது. மேல் ஹோஸ் ஆறியதும் சப்பையாகிக் கிடந்தால் மூடியைச் சந்தேகப்படுங்கள். மூடியின் நடுவில் இருக்கும் சின்ன வால்வு, வண்டி ஆறும்போது டப்பாவிலிருந்து கூலன்டை உள்ளே இழுக்க வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் ரேடியேட்டர் வெற்றிடத்தில் தவிக்கும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தாலும் மூடியை மாற்றிவிடுங்கள், பழைய மூடியில் இருந்த அதே எண் பார்த்து.

இவை எதுவும் இல்லை. ஆனால் வண்டி சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை, டப்பாவில் குமிழி வருகிறது, ஆயில் மூடியின் உட்புறம் பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருக்கிறது என்றால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பிரஷர் டெஸ்டர் வைத்து அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம்.

பழைய கூலன்டை வடித்து வாசலில் ஊற்றினோம். தெரு நாய் ஒன்று அதை நக்கியது. மறுநாள் தள்ளாடியது, பிறகு தெளிந்தது, மூன்றாம் நாள் இறந்துவிட்டது. இது விஷமா? (வாசகர், கரூர்)

விஷம்தான். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும், அதனால் நாயும் பூனையும் தேடி வந்து நக்கும். முதலில் போதை ஏறியது போலத் தள்ளாட்டம், வாந்தி. அப்புறம் சரியாகிவிட்டது போலத் தெரியும். அந்த நேரத்தில்தான் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். முதல் சில மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் போனால்தான் மாற்று மருந்து வேலை செய்யும். 'தெளிந்துவிட்டது' என்று காத்திருக்கக் கூடாது.

குழந்தைகளுக்கும் இதே ஆபத்து. மீதிக் கூலன்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். ரோஸ் நிறம், இனிப்பு, பழகிய பாட்டில். குழந்தை எப்படி விடும்? அதன் சொந்த டப்பாவிலேயே, எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், 108-ஐ அழைத்து, டப்பாவையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

வடித்ததைச் சாக்கடையிலோ மண்ணிலோ விடாமல் மூடி போட்ட கேனில் பிடித்து, வண்டிக் கழிவு எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். சிந்தியதை மரத்தூள் போட்டு உறிஞ்சி அள்ளிவிட்டு, இடத்தைக் கழுவிவிடுங்கள்.

டிராக்டர் ரேடியேட்டரில் வைக்கோல் தூசி அடைக்கிறது. வாட்டர் சர்வீஸில் அடிக்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

அந்த வேகத்தில் அடித்தால் தகடுகள் மடங்கி, காற்றுப் போகும் வழி அடைந்துவிடும். இன்ஜின் ஆறிய பிறகு, ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தோட்டத்துக் குழாய் வேகத்தில் தண்ணீர் விடுங்கள். தூசி வந்த வழியே திரும்பப் போகும். மடங்கிய தகடுகளை மெல்லிய பிரஷ்ஷால் நிமிர்த்தலாம். அறுவடைக் காலத்தில் தினமும் மாலையில் பாருங்கள்.

சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது. கோளாறா? (வாசகர், மதுரை)

பல வண்டிகளில் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இன்ஜினை நிறுத்தினால் தண்ணீர் ஓட்டம் நின்று சூடு கொஞ்ச நேரம் ஏறும், அதனால் ஃபேன் சில நிமிடம் ஓடி நிற்கும். காலையில் எடுக்கும்போதே ஓடினாலோ, நிற்காமல் ஓடினாலோ ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயையும் சென்சாரையும் பார்க்கச் சொல்லுங்கள். நின்றிருக்கும் ஃபேன் எந்த நொடியும் தானாகச் சுற்றத் தொடங்கலாம். அதனால் அதன் பக்கம் விரலையோ துணியையோ கொண்டுபோகும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.