நாற்பத்தேழு வயதில் நேர்சிங்

அன்புள்ள அக்கா,

லண்டன் ஹரோவில் இருக்கிறேன், வயது 47. இவர் போன வருடம் கணையப் புற்றுநோயில் தவறிவிட்டார். கடைசிக் கிழமைகளில் தினமும் வீட்டுக்கு வந்து சிரிஞ்ச் டிரைவரை (மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் செலுத்தும் சிறிய பம்ப்) மாற்றிவிட்டுப் போன டிஸ்ட்ரிக்ட் நேர்ஸை மறக்க முடியவில்லை. ஊரில், யாழ்ப்பாணத்தில், ஏ.எல். (உயர்தரம்) பயோ படித்துக்கொண்டிருந்தபோது போரால் 95 இடப்பெயர்வு வந்தது, படிப்பு அதோடு சரி. பிறகு கல்யாணம், லண்டன், பல வருடமாகக் கடையில் டில்லில் காசு வாங்கும் வேலை. இப்போது நேர்சிங் படிக்கலாமா என்று யோசிக்கிறேன். "கவலையில் எடுக்கிற முடிவு, அதுவும் இந்த வயதில்" என்கிறார் அண்ணா. விண்ணப்பத்தில் கணவரைப் பற்றி எழுதலாமா என்றும் தெரியவில்லை. மகனுக்கு 16.

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

படியுங்கள். ஆனால் அதற்கு முதல் ஆறு மாதமாவது ஒரு வோர்டில் ஹெல்த்கெயார் அசிஸ்டென்டாக, அதாவது நேர்ஸ்மாருக்கு உதவியாக நோயாளிகளைப் பராமரிப்பவராக, வேலை செய்து பாருங்கள்.

வயதைப் பற்றி அண்ணா சொல்வதை விடுங்கள். இங்கே நேர்சிங்குக்கு மேல் வயது வரம்பு கிடையாது, முடிக்கும்போது 52 என்றாலும் பென்ஷனுக்கு இன்னும் பதினைந்து வருடமாவது கிடக்கிறது. கவலையில் எடுக்கிற முடிவு என்கிறாரே, அதைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நீங்கள் பார்த்தது அந்த நேர்ஸின் அரை மணித்தியாலத்தை. அவர் உங்கள் வீட்டை விட்டு இறங்கி, காருக்குள் இருந்து பதிவுகளை எழுதி முடித்து, அடுத்த வீட்டுக்கு ஓடியதை நீங்கள் பார்க்கவில்லை. வோர்டில் மருந்து கொடுப்பதும், டோஸ் கணக்குப் பார்ப்பதும், கொமோட் எடுத்துக் கொடுப்பதும், ஏன் இன்னும் டொக்டர் வரவில்லை என்று கத்துகிற உறவினருக்குப் பதில் சொல்வதுமாகத்தான் பொழுது போகும். யாருடைய கையையும் பிடித்துக்கொண்டு இருக்க அநேகமாக நேரம் கிடைக்காது. இதெல்லாம் பிடித்திருக்கிறதா, அல்லது உங்கள் கணவர் கடைசியாகப் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்திலேயே இன்னும் கொஞ்ச நாள் நிற்க மனம் கேட்கிறதா? வெளியில் நின்று இதற்குப் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதுதான் காரணம் என்றாலும் பிழையில்லை, படிப்புக்குள் போனபிறகு தெரியவருவதைவிட முதலே தெரிந்தால் நல்லது.

சிசிலி சோண்டர்ஸ் என்று ஒருவர் இருந்தார். முதலில் நேர்ஸ், முதுகு வருத்தத்தால் அதை விட்டு ஆஸ்பத்திரியில் சமூக சேவையாளர் ஆனவர். அவர் பார்த்துக்கொண்ட, அவருக்கு மிக நெருக்கமாகிவிட்ட டேவிட் டாஸ்மா என்ற போலந்துக்காரர் 1948இல் புற்றுநோயில் இறந்தார், இறக்கும்போது 500 பவுண் விட்டுப்போனார், இறப்பவர்களுக்காக நீங்கள் கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று. அந்த அம்மா உடனே கட்டடம் தேடி ஓடவில்லை. இறப்பவர்களைப் பார்க்கும் ஓர் இல்லத்தில் மாலை நேரங்களில் தொண்டராக நின்றார், 33 வயதில் மருத்துவம் படிக்கப் போனார், 1957இல் டொக்டர் ஆனார். தென் லண்டனில் அவருடைய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸ், இறப்பவர்களைப் பராமரிக்கும் இல்லம், திறந்தது 1967இல்! அந்த மாலை வேலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அடுத்தது காசும் நேரமும். நேரம்தான் பெரிய பிரச்சினை. டிகிரி மூன்று வருடம், அதில் 2,300 மணித்தியாலம் பிளேஸ்மென்ட் (நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி), இரவு, சனி ஞாயிறு, பன்னிரண்டு மணித்தியால ஷிப்ட் எல்லாம் சேர்த்து. அதற்குச் சம்பளம் இல்லை, கடை வேலையை அதோடு இழுப்பது கஷ்டம். கட்டணத்துக்கு லோன் உண்டு. அதற்கு மேலே 2020இலிருந்து வருடத்துக்கு 5,000 பவுண் தருகிறார்கள், திருப்பிக் கட்டத் தேவையில்லை. உங்கள் பழைய படிப்பு போதாது என்றால் கொலிஜில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி தரும் ஒரு வருட அக்சஸ் கோர்ஸ் செய்யலாம், அதற்கு எடுக்கும் லோனை டிகிரி முடித்ததும் தள்ளுபடி செய்துவிடுவார்கள். அசிஸ்டென்டாக உள்ளே போனால் இன்னொரு வழியும் திறக்கும்: சம்பளத்தோடு இரண்டு வருட நேர்சிங் அசோசியேட் (அசிஸ்டென்டுக்கும் நேர்ஸுக்கும் இடைப்பட்ட பதவி) பயிற்சி, பிறகு அங்கிருந்து நேர்ஸ். மகன் படிக்கிற காலத்தில் நானாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

இந்த வயதில் மலசலம் அள்ளப் போகிறாள் என்று நம்முடைய சனம் சொல்லும். சொல்லட்டும். தங்கள் அம்மா மறதி நோயில் ஆங்கிலம் முழுக்க மறந்துபோய் வோர்டில் கிடந்து தமிழில் தண்ணி கேட்கும்போது அவர்களே உங்களைத் தேடுவார்கள்.

கணையப் புற்றுநோய் நோயாளி ஒருவர் உங்கள் வோர்டுக்கு வரத்தான் போகிறார். வேலைக்குச் சேரும்போதே மேற்பார்வையாளரிடம் கணவரைப் பற்றிச் சொல்லிவையுங்கள், அன்றைக்கு வேறு பக்கம் நிற்கக் கேட்பதில் வெட்கம் இல்லை.

விண்ணப்பத்தில் எழுதலாம், இரண்டு வரி. மிச்ச இடத்தில் வோர்டில் நீங்கள் செய்ததை எழுதுங்கள், அவர்கள் நேர்காணலில் கேட்கப்போவதும் அதைத்தான். பாங்க் ஷிப்ட் என்று கிழமைக்கு ஒன்றிரண்டு நாள் மட்டும் செய்யக்கூடிய வேலைகளும் இருக்கும், கடையை இப்போதே விட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா