தென்னை ஓலையில் காவல் நிற்கும் கருங்குளவி: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: ராஜாக்கமங்கலம் பக்கம் எங்களுக்கு 40 மூடு தென்னை உண்டு. அடி ஓலைகள் தீய்ந்த மாதிரி காய்கின்றன. ஒன்றை வெட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் நூலாம்படைக்குள் புழுக்கள். ஒரு புழு மட்டும் அசையாமல் கிடக்க, அதன்மேல் எறும்பு போல ஒரு கறுப்புப் பூச்சி நகராமல் நின்றது. அதுவும் கேடு செய்யுமா? மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டாம், அடித்துவிடாதீர்கள். ஓலையின் பச்சையைச் சுரண்டித் தின்பது கருந்தலைப்புழு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மேலே நின்றது அந்தப் புழுவையே தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவி, கோனியோசஸ் நெஃபான்டிடிஸ். வேளாண்மை அலுவலகத்தில் பெத்திலிட் ஒட்டுண்ணி என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

அது நகராமல் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. தாய்க்குளவி புழுவின் கூட்டுக்குள் நுழைந்து கொட்டும். புழு அசைவற்றுப் போகும். அப்புறம் அதன் தோல்மேல் வரிசையாக முட்டையிடும். புழு பருமனாக இருந்தால் முட்டையும் கூடும். ஒட்டுண்ணிக் குளவிகளில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் போய்விடும். இது போகாது. குஞ்சுகள் புழுவை உறிஞ்சித் தின்று வளரும்போதும் பக்கத்திலேயே காவல் நிற்கும். வேறொரு பெண்குளவி வந்தால் சண்டை போட்டு விரட்டும். விரட்டாவிட்டால் வந்தவள் இந்த முட்டைகளை அழித்துவிட்டுத் தன் முட்டைகளை இட்டுவிடுவாள். மூன்று நான்கு மில்லிமீட்டர் உடம்புக்குள் இத்தனை பொறுப்பு இருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புதுக் குளவிகள் வெளிவரும். அவற்றில் பெண்களே அதிகம் என்பது நமக்கு லாபம்.

மருந்து அடித்தால் இந்தத் தாயும் சேர்ந்து சாகும். நூலாம்படைக்குள் பதுங்கிய புழுக்களில் பல தப்பிவிடும்.

முழுதும் காய்ந்த அடி ஓலைகளை வெட்டி எரிக்கலாம். அதற்கு முன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். குளவியின் சிறு கூடுகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அந்த ஓலையை மட்டும் தோப்பிலேயே விட்டுவிடுங்கள்.

தானாக வந்த குளவி மட்டும் போதாது. கோடையில் புழு பெருகும் என்பதால் ஜனவரியிலேயே குளவிகளைத் தோப்பில் விடத் தொடங்குவது நல்லது. எக்டருக்கு 3000, அதாவது ஏக்கருக்கு 1200 குளவிகள். புழு வளர்ந்து அந்துப்பூச்சியாகிப் பறக்கும் நேரத்தில் விட்டால் வீண். ஓலையில் புழு இருக்கும்போது விட வேண்டும். கொண்டையில் விடாதீர்கள், அங்கே சிலந்தியும் கொலைகார நாவாய்ப்பூச்சியும் பிடித்துத் தின்றுவிடும். மரத்தின் அடிமூட்டுப் பக்கம் விட்டால் போதும், புழு இருக்கும் ஓலையை அதுவே தேடிப் போகும்.