இசைக் கேள்வி பதில்: உமேயோவிலிருந்து வந்த சத்தம்

கேள்வி: ரெஃப்யூஸ்ட் என்ற ஸ்வீடன் ஹார்ட்கோர் பங்க் (வேகமும் ஆவேசமும் கூடிய ராக் இசை) குழுவின் 1998 ஆல்பத்தைக் கேட்டு அசந்துபோனேன். அதற்கு முந்தைய ஆல்பங்களைத் தேடிப் பிடித்தால் ஏமாற்றமாக இருக்கிறது. இரண்டும் ஒரே குழுதானா?
- கல்லூரி மாணவர், கோவை

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. 2012-இல் அவர்கள் மறுபடி ஒன்றுசேர்ந்து மேடையேறிய சமயத்தில்தான் இந்தக் குழு எனக்கு அறிமுகம். நீங்கள் சொல்லும் 'தி ஷேப் ஆஃப் பங்க் டு கம்' ஆல்பத்தைத் தேயத் தேயக் கேட்டேன். அதே ஆவலில் 1994-இல் வந்த முதல் ஆல்பத்தைப் போட்டால், வேகமும் கத்தலும்தான் காதில் விழுந்தன. இரண்டு நாளில் ஓரம் கட்டிவிட்டேன். பல மாதம் கழித்து, ஆண்டு வரிசைப்படி முதலிலிருந்து கேட்டபோதுதான் அதன் அருமை தெரிந்தது. ஆகவே பின்னாலிருந்து முன்னே போகாதீர்கள்.

1991-இல் தொடங்கிய குழு இது. பாடகர் டென்னிஸ் லிக்ஸேன் அதற்கு முன் 'ஸ்டெப் ஃபார்வர்ட்' என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தார்; இருபது வயதுகூட ஆகவில்லை. டிரம்ஸ் வாசித்த டேவிட் சாண்ட்ஸ்ட்ரோம் அவரைவிடவும் சின்னவர், பள்ளிக்கூட வயது. அந்த ஆண்டே ஒரு டெமோ (மாதிரிப் பதிவு), அடுத்த ஆண்டு இன்னொன்று, 1993-இல் ஒரு சிறு இசைத்தட்டு, 1994-இல் முதல் முழு ஆல்பம். பேஸ் கிதார் (தாழ்ந்த சுரங்களுக்கான கிதார்) வாசிப்பவர் மாறிக்கொண்டே இருந்தார்.

முதல் ஆல்பத்தில் நியூயார்க் ஹார்ட்கோர் குழுக்களின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். பிடித்ததைப் பார்த்து எழுதிப் பழகும் பருவம் அது. 1996-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் டிரம்ஸை மட்டும் தனியாகக் கவனியுங்கள். முதல் ஆல்பத்தில் ஓடிக்கொண்டே இருந்த கை, இங்கே நிறுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறது. கிதார் வெட்டுப்பட்டு நிற்கும், ஒரு கணம் ஒன்றுமே இருக்காது, அப்புறம் எல்லாம் சேர்ந்து இடி மாதிரி விழும். 1998 ஆல்பத்தில் உங்களை அசத்திய அந்த இடைவெளிகள் இங்கேதான் பிறந்தன. ஏழு வருடப் பயிற்சியை ஒதுக்கிவிட்டு 1998 ஆல்பத்தை மட்டும் கொண்டாடுவது அந்தப் பையன்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: இவர்கள் தலைநகர் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்தவர்கள்தானே?
- வாசகி, மதுரை

இல்லை. ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே, சாலை வழியே 600 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் உமேயோதான் இவர்கள் ஊர். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் அப்போது சுமார் ஒரு லட்சம் பேர். டிசம்பர் கடைசியில் ஐந்து மணி நேரம்கூட வெளிச்சம் இருக்காது.

இவ்வளவு ஒதுக்குப்புறமான ஊரில் எப்படி இத்தனை குழுக்கள் முளைத்தன? எனக்குத் தெரிந்த பெரிய காரணம், ஸ்வீடனின் படிப்பு வட்டங்கள். தொழிலாளர் இயக்கமும் பிற இயக்கங்களும் நூறு வருடங்களுக்கு முன்பே தொடங்கிய கல்விச் சங்கங்கள் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. நாலு பேர் சேர்ந்து புத்தகம் படிக்கலாம், மொழி கற்கலாம், பாட்டுக் குழுவும் நடத்தலாம். படிப்பு வட்டம் என்று பதிந்துகொண்டால் ஒத்திகை அறை கிடைக்கும், அரசு மானியமும் உண்டு. நகராட்சி நடத்தும் இசைப் பள்ளிகள் வேறு. கையில் காசில்லாத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு டிரம்ஸும் கதவு சாத்திய அறையும் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

மீதியை அவர்களே செய்துகொண்டார்கள். 1993-இல் லிக்ஸேனும் 'அபினந்தா' குழுவின் பாடகர் ஹோஸே சாக்ஸ்லுண்டும் சேர்ந்து 'டெஸ்பரேட் ஃபைட்' என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார்கள். உள்ளூர்க் குழுக்களுக்கு அதுவே வாசலாக இருந்தது. பெண்களே நடத்திய 'டோனட்ஸ்' குழுவும் அதே வட்டாரம்தான்.

கேள்வி: பங்க் என்றாலே குடி, போதை என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் தொடமாட்டார்களாமே?
- வாசகர், சேலம்

உண்மைதான். மது, புகை, போதை மூன்றையும் விலக்குகிற 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்ற கொள்கைக்காரர்களாக 90-களில் இருந்தார்கள். 1981-இல் வாஷிங்டனின் 'மைனர் த்ரெட்' குழு பாடிய ஒரு பாட்டிலிருந்து வந்த பெயர். வயது குறைந்தவர்களுக்கு மது தரக்கூடாது என்பதற்காக அமெரிக்க கிளப்புகளில் கையில் பெருக்கல் குறி போடுவார்கள்; அதையே இந்தக் கொள்கைக்காரர்கள் பெருமை அடையாளமாக்கிக்கொண்டார்கள். உமேயோவில் இதோடு இறைச்சி, பால், முட்டை எதுவும் உண்ணாத வழக்கமும் சேர்ந்து, 90-களின் நடுவில் ஊர் இளைஞர்களிடையே ஓர் அலையாகவே பரவியது.

கேள்வி: ஒரே கத்தல், ஒரு வார்த்தை புரியவில்லை. அதில் அரசியல் இருக்கிறது என்கிறார்கள். எங்கே?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

நியாயமான கேள்வி ஐயா. பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இரண்டாவது ஆல்பத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். 'சாங்ஸ் டு ஃபேன் தி ஃப்ளேம்ஸ் ஆஃப் டிஸ்கன்டென்ட்': அதிருப்தியின் தீயை விசிறிவிடும் பாடல்கள் என்று பொருள். இது அமெரிக்காவின் ஐ.டபிள்யூ.டபிள்யூ. தொழிற்சங்கம் 1909 முதல் வெளியிட்டுவந்த சின்னச் சிவப்புப் பாட்டுப் புத்தகத்தின் முழக்கம். அந்தப் புத்தகத்தில் அதிகம் பாடப்பட்ட பாட்டுகளை எழுதியவர்களில் ஒருவர் ஜோ ஹில். கொலைக் குற்றம் சாட்டி 1915-இல் யூட்டாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பிறந்தது ஸ்வீடனின் யேவ்லே நகரத்தில். ஸ்டாக்ஹோமிலிருந்து உமேயோவுக்குக் கடற்கரையோரமாகப் போனால் வழியில் வரும் ஊர் அது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கேள்வி: இவர்களுக்கு முன் ஸ்வீடனில் ஹார்ட்கோர் இருந்ததா?
- வாசகர், புதுச்சேரி

நன்றாகவே இருந்தது. ஷோவ்டே ஊரின் 'ஆன்டி சைமெக்ஸ்', ஸ்டாக்ஹோம் பக்கத்து 'மாப் 47' இரண்டும் 80-களின் தொடக்கத்தவை. இங்கிலாந்தின் 'டிஸ்சார்ஜ்' குழுவின் தாளத்தை எடுத்து இன்னும் முரடாக்கினார்கள். மாப் 47-இன் 1984 இசைத்தட்டுக்கு அணு ஆயுதத் தாக்குதல் என்றே பெயர். ஆனால் அது வேறு கிளை. ரெஃப்யூஸ்ட் அமெரிக்காவைப் பார்த்து வளர்ந்த குழு.

கோவை மாணவருக்கு இன்னொன்று. 1996 ஆல்பத்தின் முதல் பாட்டு 'ராதர் பி டெட்'. அந்த ஒரு பாட்டை மட்டும் ருசிக்கக் கேட்டுவிட்டு, 1994-க்குப் போய், அங்கிருந்து வரிசையாக வாருங்கள். செல்போன் ஸ்பீக்கர் வேண்டாம், பேஸ் கிதார் காணாமலே போய்விடும்.