ஆடித் தள்ளுபடியில் கருவிழி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லாசிக் பற்றித்தான், அதாவது கண்ணாடி இல்லாமல் பார்க்கக் கருவிழியை (கார்னியா) லேசரால் சீவும் ஆபரேஷன் பற்றி. ஆடி பிறந்ததும் யாரோ ஊர் முழுக்க நோட்டீஸ் விட்டிருக்கிறார்கள் போல. மிக்ஸி, பட்டுப்புடவைக் கேள்விகள் அடுத்த வாரம்.

“லாசிக் 15,000 ரூபாய் முதல்” என்ற நோட்டீஸைப் பார்த்து 5,000 முன்பணம் கட்டினேன். இப்போது அது ஒரு கண்ணுக்கான விலையாம், என் பவருக்கு வேறு மிஷினாம், மொத்தம் 80,000 என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
– கும்பகோணம் வாசகர்

எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் நோட்டீஸ், ரசீது இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்யுங்கள்.

“முதல்” என்ற சொல்லில் விழுந்தவன் நானும்தான். “சோபா 9,999 முதல்” என்று பார்த்துவிட்டுத் தஞ்சாவூர் போய், 34,000-க்கு ஒன்றை வேனில் ஏற்றி வந்தேன். இன்று அதில் பூனை மட்டும்தான் படுக்கிறது. ஆனால் அது சோபா, ஐயா. கண்ணை ஒருவரும் இன்னும் சோதிக்கவே இல்லை, அதற்குள் முன்பணம் கட்டினால் எப்படி?

ஓர் இடத்தில் டெஸ்ட்டுக்கே தனியாக 2,500 கேட்கிறார்கள். இன்னோர் இடத்தில் டெஸ்ட் இலவசம். எது லாபம்?
– மயிலாடுதுறை வாசகர்

இதைக் கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன்.

லேசர் ஓடுவது ஒரு கண்ணுக்குச் சில வினாடிகள். உங்கள் கண்ணுக்கு அது ஆகுமா, ஆகாதா என்று முடிவாவது டெஸ்ட்டில். கருவிழியின் நடுக்கனம் சராசரியாக 540 மைக்ரான், அரை மில்லிமீட்டர் சொச்சம். லாசிக்கில் முதலில் 100 முதல் 120 மைக்ரானுக்கு ஒரு மெல்லிய ஏட்டை வெட்டித் திறக்கிறார்கள். அதன் அடியில், ஒரு பவருக்குச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் வீதம் லேசர் சீவுகிறது. எல்லாம் போக அடியில் 250-ஆவது மிஞ்ச வேண்டும். நிதானமான டாக்டர்கள் 300 மிஞ்சட்டும் என்பார்கள். மைனஸ் 6 பவர், 540 கனம் என்றால் கணக்கு இடிக்காது. மைனஸ் 8, கனம் 480 என்றால் போட்டுப் பாருங்கள், விளிம்பில் நிற்கும்.

நம் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். வரப்பைச் சீவிச் சீவி மெலியவிட்டால் என்ன ஆகும்? கருவிழியும் அப்படித்தான், உள்ளே இருக்கும் அழுத்தம் தாங்காமல் முன்னே பிதுங்கும். எக்டேசியா என்பது அதுதான். அரிதாக வருவது, ஆனால் வந்தால் கருவிழியை உறுதியாக்கும் சி3ஆர் சிகிச்சை, விசேஷ லென்ஸ், சிலருக்குக் கருவிழி மாற்று வரை போகும். கெரட்டோகோனஸ் என்று, கனம் சரியாக இருந்தும் வடிவம் கோணலாகத் தொடங்கிய கண்களும் உண்டு. பவர் செக் செய்தால் அது தெரியாது. டோபோகிராபி என்ற வரைபடம் எடுத்தால்தான் தெரியும்.

இலவசமாக டெஸ்ட் செய்கிறவருக்கு நீங்கள் ஆபரேஷனுக்குப் படுத்தால்தான் காசு. 2,500 வாங்கியவர் “உங்களுக்கு ஆகாது” என்று சொன்னாலும் அவருக்கு நஷ்டமில்லை. எனக்குப் பிடித்த வியாபாரி அவர்தான். எங்கே எடுத்தாலும் வரைபடத்தின் பிரிண்ட்டைக் கையோடு வாங்கி வாருங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் சாஃப்ட் லென்ஸை இரண்டு வாரமாவது, ஹார்ட் லென்ஸை இன்னும் அதிக நாள் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். முதல் நாள் வரை போட்டிருந்துவிட்டு “ரிப்போர்ட் மாறி மாறி வருகிறது” என்று எழுதிய இரண்டு பேருக்குத் தனியாகப் பதில் கிடையாது.

மகளுக்கு 19 வயது. வருஷத்துக்கு வருஷம் பவர் ஏறுகிறது. மாப்பிள்ளை வீட்டில் கண்ணாடி வேண்டாம் என்கிறார்கள். தை மாதத்துக்குள் செய்துவிடலாமா?
– ஒரத்தநாடு வாசகி

வேண்டாம் அம்மா. பவர் ஒரு வருஷமாவது ஏறாமல் நிற்க வேண்டும். இப்போது செய்தால் மாலை வாடுவதற்குள் மறுபடி கண்ணாடி வந்தாலும் வரும். கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் செய்ய மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு வேறு என்னென்ன வேண்டாம் என்பதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நெல் அறுவடை மெஷின் ஓட்டுகிறேன். சென்னையில் லாசிக் செய்து எட்டு மாதம். ராத்திரியில் எதிரே வரும் லைட்டைச் சுற்றி வளையம், கண்ணில் எப்போதும் மணல் உறுத்தல். கேட்டால் “6/6 தெரிகிறது, நார்மல்” என்று சொட்டு மருந்து எழுதுகிறார்கள். ரிப்போர்ட் தர மறுக்கிறார்கள்.
– பாபநாசம் வாசகர்

தம்பி, உங்களுக்குத் தோன்றுவது பிரமை இல்லை. வெளிச்ச அறையில் எழுத்துப் பலகையைப் படிக்கும்போது கண்மணி சுருங்கியிருக்கும். இருட்டில் அது விரியும். லேசர் பட்ட வட்டத்தைத் தாண்டி விரிந்தால் வளையம் தெரியும். 6/6 என்ற எண்ணுக்குள் அது அகப்படாது. உறுத்தலுக்குக் காரணம், ஏட்டை வெட்டும்போது கருவிழியின் நரம்புகளும் அறுபடுவது. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருஷத்தில் குறையும். சிலருக்கு நீடிக்கும். வைக்கோல் தூசியில் வேலை செய்கிறவரிடம் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ரிப்போர்ட்டை எழுத்து மூலம், பதிவுத் தபாலில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதியே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு கருவிழிச் சிகிச்சையில் தனித் தேர்ச்சி பெற்ற வேறொரு டாக்டரைப் பாருங்கள். பக்க விளைவு வந்தாலே அலட்சியம் என்று ஆகிவிடாது. சரியான டெஸ்ட் எடுக்கவில்லை, ஆபத்தைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கினார்கள் என்று காட்ட முடிந்தால் வழக்குக்கு வலு உண்டு. காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி சென்னைக்கு அலைய வேண்டாம், தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருஷம், எட்டு மாதம் போய்விட்டது. ராத்திரி அறுவடையைக் கொஞ்ச நாள் வேறு ஆளிடம் விடுங்கள்.

அந்தக் காகிதங்களைப் பிறகும் தூக்கிப் போடாதீர்கள். வயதான பின் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது கணக்குப் போட அவை உதவும். கருவிழி மெலிந்திருப்பதால் கண் அழுத்தமும் குறைத்துக் காட்டும்; எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் லாசிக் செய்ததைச் சொல்லுங்கள்.

வயது 43, ஆசிரியை. லாசிக் செய்தால் கண்ணாடியே வேண்டாம்தானே?
– திருவாரூர் வாசகி

தூரத்துக்கு வேண்டாம். பரீட்சைப் பேப்பர் திருத்தக் கண்ணாடி வேண்டும்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸில் வருமா?
– மன்னார்குடி வாசகர்

பவர் 7.5-க்குக் கீழே என்றால் வராது. பாலிசியில் எழுதியிருக்கிறது. படியுங்கள்.

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குப் படிக்கிறேன். கண்ணாடி தடையாகும் என்று லாசிக் செய்யப்போகிறேன்.
– தஞ்சாவூர் வாசகர்

ஐயோ, நில்லுங்கள்! லாசிக் செய்தவர்களை அந்த வேலைக்கு எடுப்பதில்லை.

ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள். ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் முழுக்குப் போடலாமா?
– திருவையாறு வாசகர்

கூடாது. ஆற்றுத் தண்ணீர் கண்ணில் பட்டால் கிருமி தொற்றும். படித்துறையில் உட்கார்ந்து சித்ரான்னம் சாப்பிடுங்கள். காற்றில் தூசி பறந்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.