இடித்தது லாரி, இடிபட்டது என் கார். கிளெய்ம் மட்டும் ஏன் இல்லை?

கேள்வி: சார், எனக்கு 31 வயது. கோவையில் பம்ப்செட் உதிரிபாகத் தொழில் செய்கிறேன். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். ஆர்சி கணக்கில் 190 பிஎஸ் (குதிரைத்திறன்). போன வருடம் ஒரு டியூனிங் கடையில் சக்தியைக் கூட்ட 'ஸ்டேஜ் 2' செய்தேன்: ஈசியூ (எஞ்சின் கணினி) மென்பொருளை மாற்றும் ரீமேப், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ('கேட்') இல்லாத டவுன்பைப் என்ற முன்பக்க எக்ஸாஸ்ட் குழாய், காற்று உள்ளே போகும் இன்டேக், பின்பக்கம் புது எக்ஸாஸ்ட். சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் 262 காட்டியது. "ஆர்டிஓ பிரச்சினை எதுவும் வராது, எல்லாம் லீகல்" என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியும் கொடுத்தார். புகைச் சான்றிதழும் இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன்பு நீலாம்பூர் பக்கம் சிக்னலில் நின்றிருந்தபோது பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. லாரி டிரைவர் மீது எஃப்ஐஆர் போட்டார்கள். டிக்கி, பின் பம்பர், அடிச்சட்டம் எல்லாம் போய் 6,40,000 ரூபாய் எஸ்டிமேட். விபத்துக்குப் பிறகு வண்டியைப் பார்த்த மோட்டார் வாகன ஆய்வாளர் மாற்றங்களை எழுதிவிட்டார். அதைக் காட்டி என் இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுத்துவிட்டது. "பதிவை ஏன் இடைநிறுத்தக் கூடாது" என்று ஆர்டிஓ நோட்டீஸ் வந்து ஒன்பது நாள் ஆகிறது. பதில் சொல்ல 15 நாள் அவகாசம். "ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டாக் மேப்பை, கம்பெனி கொடுத்த பழைய மென்பொருளை, ஏற்றிவிடு, ஒரு பயலுக்கும் தெரியாது" என்கிறான் நண்பன். நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் நண்பரின் போனை எடுக்காதீர்கள். அந்த யோசனைக்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் எல்லாம் ஒரே வழக்கு என்று நினைத்துக் குழம்பியிருப்பது தெரிகிறது. அப்படியில்லை. ஆர்டிஓ கேட்பது, "வண்டியை மாற்றினீர்களா, இல்லையா?" இன்சூரன்ஸ் தகராறில் எழ வேண்டிய கேள்வி, "அந்த மாற்றத்துக்கும் நசுங்கிய டிக்கிக்கும் என்ன சம்பந்தம்?" முதல் கேள்வியில் நீங்கள் தோற்கிறீர்கள். இரண்டாவதில் ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒன்றில் சொல்ல வேண்டிய பதிலை இன்னொன்றில் சொன்னால் இரண்டும் போய்விடும்.

ஆர்டிஓ பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் ஆதியில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஆர்டிஓ எதிர் கே.ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே படித்தது. அதற்குப் பிறகு "சின்ன மாற்றம்தானே" என்ற வாதம் எடுபடுவதில்லை. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182A(4) பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் கடிதத்திலேயே நான்கு இருக்கின்றன.

ரீமேப்பை மட்டும் செய்திருந்தால் நான் கொஞ்சம் மல்லுக்கட்டியிருப்பேன். ஏனென்றால் 52-ஆம் பிரிவின் விளக்கத்தில் 'மாற்றம்' என்பது வாகனத்தின் அமைப்பில் செய்து, அதன் அடிப்படைத் தன்மையை மாற்றுவது என்று இருக்கிறது. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றுவது 'அமைப்பில்' மாற்றமா? நல்ல கேள்வி. ஒரு மாலை நேரம் காபியோடு வாதாட எனக்கு ஆசைதான். ஆனால் உங்கள் வண்டியை வைத்து வாதாட முடியாது, கேட்டைக் கழற்றிவிட்டீர்கள். அங்கே 52-ஐ விட்டுவிட்டு 190(2)-க்கு வந்துவிடுவார்கள். சாலைப் பாதுகாப்பு, ஒலி, காற்று மாசு தர அளவுகளை மீறி வண்டி ஓட்டுவது. முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்; கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்பு.

புகைச் சான்றிதழ் காப்பாற்றுமா என்றால், காப்பாற்றாது. பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி வைத்து, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு எடுக்கும் சோதனை அது. தயாரிப்பாளர் மத்திய மோட்டார் வாகன விதி 126-இன் கீழ் புனேயின் ஏஆர்ஏஐ போன்ற வாகனச் சோதனை மையத்தில் வாங்கும் ஒப்புதல் வேறு. ஓடும் நிலையில், பல கட்டமாக, அந்த எஞ்சினையும் அந்த கேட்டையும் அந்த மேப்பையும் சேர்த்துச் சோதித்துக் கொடுத்தது. அதில் எதை மாற்றினாலும் அந்த ஒப்புதல் உங்கள் வண்டிக்குப் பேசாது. கேட் இல்லாமல் ஓடினால் டாஷ்போர்டில் செக் எஞ்சின் லைட் எரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு எரியவில்லை என்றால் கேட்டைக் கண்காணிக்கும் பின் ஆக்ஸிஜன் சென்சாரை மேப்பிலேயே வாயடைத்திருக்கிறார்கள். இதை எந்த ஆய்வாளரிடமும் 'தெரியாமல் நடந்தது' என்று சொல்ல முடியாது.

அதனால் நோட்டீஸுக்குப் பதில் இப்படி இருக்கட்டும்: மாற்றங்களை மறுக்காதீர்கள். வண்டியைத் தயாரிப்பு நிலைக்குத் திருப்புகிறேன், பில்லும் புதிய புகைச் சான்றும் சமர்ப்பிக்கிறேன், மறு ஆய்வுக்கு நேரம் கொடுங்கள் என்று கேளுங்கள். நோட்டீஸ் வந்திருப்பது 53-ஆம் பிரிவில். அது திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுக்கும் பிரிவு. சும்மா இருந்தால் பதிவு இடைநிறுத்தம். அது தொடர்ந்து ஆறு மாதம் நீடித்தால் 54-இல் ரத்து வரை போகலாம். உத்தரவு பாதகமாக வந்தால் 57-ஆம் பிரிவில் 30 நாளுக்குள் மேல்முறையீடு. அபராதப் பகுதியை 200-ஆம் பிரிவின் சமரசத் தொகையில் முடித்துக்கொள்ளுங்கள், நீதிமன்றப் படி ஏற வேண்டாம்.

இப்போது அந்த ராத்திரி யோசனை. ஸ்டாக்குக்குத் திரும்புவதில் தவறே இல்லை, நானே அதைத்தான் சொல்கிறேன். ஆனால் ராத்திரியில் அல்ல. பல நவீன ஈசியூக்கள் எத்தனை முறை எழுதப்பட்டன என்ற எண்ணிக்கையை வைத்திருக்கும். ஸ்டாக் மேப்பைத் திரும்ப ஏற்றினாலும் அந்த எண் கூடத்தான் செய்யும், குறையாது. ஆய்வாளர் ஏற்கெனவே எழுதிய அறிக்கை ஒரு பக்கம், மாயமாக ஸ்டாக் ஆன வண்டி ஒரு பக்கம் என்று ஆனால், இன்றைக்கு 'விதிமீறல்' என்று இருப்பது நாளைக்கு 'மோசடி' ஆகும். பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்கான 318-ஆம் பிரிவைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "ஆர்டிஓ நோட்டீஸின்படி இந்தத் தேதியில் வண்டியைத் தயாரிப்பு நிலைக்குத் திருப்புகிறேன், அதற்கு முன் மறுபடி பார்க்க வேண்டுமானால் சர்வேயரை அனுப்புங்கள்." கழற்றிய டவுன்பைப்பையும் இன்டேக்கையும் விற்றுவிடாதீர்கள். ஓஎல்எக்ஸில் போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

இனி உங்களுக்குச் சாதகமான பக்கம். மறுப்புக் கடிதத்தில் கம்பெனி இரண்டு காரணம் சொல்லியிருக்கிறது: சட்டவிரோத மாற்றம், முக்கியத் தகவலை மறைத்தது. முதலாவதற்கு உச்ச நீதிமன்றத்தின் பதில் உங்கள் கையில் இருக்கிறது. லக்மி சந்த் எதிர் ரிலையன்ஸ் ஜெனரல் இன்சூரன்ஸ், 2016. சரக்கு வண்டியில் அனுமதிக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். விபத்தோ எதிர்வண்டியின் தவறால் நடந்தது. ஆள் ஏற்றியதால்தான் விபத்து என்று கம்பெனி நிரூபிக்கவில்லை, எனவே கிளெய்மை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். சிக்னலில் நிற்கும் காருக்கு 190 குதிரை இருந்தால் என்ன, 262 இருந்தால் என்ன? அடிபட்டது பின்பக்கம், மாற்றியது பெரும்பாலும் பானெட்டுக்குள்ளே. லாரி டிரைவர் மீதான எஃப்ஐஆர் நகல் உங்களுக்கு இங்கே தங்கம்.

ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் விவரமானவராக இருந்தால் 'நிபந்தனை மீறல்' என்ற வார்த்தையை விட்டுவிட்டு 'தகவல் மறைப்பு' என்பதைத்தான் பிடித்துக்கொள்வார். அங்கேதான் எனக்குக் கவலை. ஸ்டேஜ் 2 செய்த பிறகு பாலிசியைப் புதுப்பித்தீர்களா? புதுப்பித்தபோது 'வாகனம் மாற்றப்பட்டுள்ளதா' என்று கேட்டார்களா? ஆன்லைனில் அவசரமாக 'இல்லை' என்று டிக் அடித்தீர்களா? அந்தப் பதிவின் நகலைக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். கேள்வியே கேட்கவில்லை என்றால் மறைப்பு என்ற வாதம் தளர்ந்துவிடும். 'இல்லை' என்று பதில் சொல்லியிருந்தால் முழுத் தொகைக்குப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். அமலேந்து சாஹூ வழக்கில், 2010-இல், பாலிசி நிபந்தனையை மீறி வாடகைக்கு விட்ட காருக்கே கிளெய்மை முழுதாக மறுக்க முடியாது, ஒரு பகுதியையாவது கொடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 'நான்-ஸ்டாண்டர்ட்' அடிப்படை, அதாவது மீறலுக்காகக் குறைத்து 75 சதவீதம் வரை கொடுப்பது, கம்பெனிக்காரர்களுக்கே பழக்கமான வழி. 6,40,000-இல் 75 சதவீதம் 4,80,000. பேச்சுவார்த்தையில் அது வந்தால் நான் கையெழுத்துப் போடச் சொல்வேன். அறிவிக்காத அந்தப் பின் எக்ஸாஸ்ட்டுக்குப் பணம் எப்படியும் கிடைக்காது, எஸ்டிமேட்டிலிருந்து நீங்களே எடுத்துவிடுங்கள், நேர்மையாகவும் தெரியும்.

எங்கே போவது? கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முதலில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். செலவில்லை, வக்கீலும் தேவையில்லை. எனக்கு வருமானம் போகிறது, ஆனாலும் சொல்கிறேன்: உங்கள் மாதிரி வழக்குக்கு அதுதான் வேகம். இல்லாவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அங்கே கணக்கில் எடுப்பது நீங்கள் கட்டிய பிரீமியத்தைத்தான், கிளெய்ம் தொகையை அல்ல. அதனால் உங்களுக்குக் கட்டணம் இருக்காது. ஒரே விஷயத்துக்கு இரண்டு இடத்திலும் கதவைத் தட்டக் கூடாது.

டியூனிங் கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். போடலாம். சட்டவிரோதமான வேலைக்கு நீங்களும் சம்மதித்தவர்தானே என்பார்கள், ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். பாதி நியாயமும் அவர்கள் பக்கம் இருக்கும். உங்கள் ஆயுதம் அந்த வாட்ஸ்அப் செய்தி. அதை அழிக்காமல், போனை மாற்றாமல் வைத்திருங்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றோடு அது ஆதாரம் ஆகும். அவருக்கும் தலைவலி உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(8) விளக்கத்தில் வண்டி பழுதுபார்ப்பவரும் 'டீலர்' என்ற சொல்லுக்குள் வருகிறார். விதியை மீறி வண்டியை மாற்றும் டீலருக்கு 182A(1)-இல் ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய். இதைச் சொல்லி ஒரு வக்கீல் நோட்டீஸ் போனால், கட்டிய பணத்தில் ஒரு பகுதி பேச்சிலேயே திரும்ப வரலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வேகத்தின் மேல் ஆசை இருப்பதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். அங்கே ஓட்டும் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள், ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ரோட்டில் ஓடும் வண்டிக்கு 262 பிஎஸ்ஸை ஆர்டிஓவிடம் அனுமதி வாங்கிச் சட்டப்படி ஆக்க முடியுமா என்றால், தயாரிப்பாளரே அந்த மாடலுக்கு அப்படி ஒப்புதல் வாங்கியிருந்தால் ஒழிய, வழியில்லை.

கடைசியாக, எல்லோரும் மறந்துவிட்ட லாரி. தன் வண்டிக்குத் தன் இன்சூரன்ஸ் என்றே பழகிவிட்டோம். இடித்தது லாரி, உங்கள் நஷ்டத்தை அதன் உரிமையாளரும் அதன் இன்சூரன்ஸ் கம்பெனியும் தர வேண்டும். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆளுக்கு அடிபட்டால்தான் மனு போடலாம் என்று இல்லை, பொருள் சேதத்துக்கும் 166-ஆம் பிரிவில் போடலாம். உங்கள் ஸ்டேஜ் 2 அவர்களுக்குத் தற்காப்பு ஆகாது. நின்ற வண்டியில் பங்குத் தவறு எங்கே இருக்கிறது? உங்கள் கம்பெனி 75 சதவீதம் கொடுத்தால் மீதி 25-ஐ இங்கே கேட்கலாம், ஒரே பணத்தை இரண்டு முறை வாங்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் 166(3)-இன்படி விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். நான்கு போய்விட்டது. நோட்டீஸுக்கு ஆறு நாளில் பதில். அது முடிந்த மறுநாளே காவல் நிலையத்தில் எஃப்ஐஆர், மகஜர், ஆய்வாளர் அறிக்கை, லாரியின் பாலிசி நகல் நான்குக்கும் மனுக் கொடுங்கள்.